நாலாம் பாகத்தின் ரசிகை

செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் 'முபின் மோட்டார் ஒர்க்ஸ்' என்று ஒரு பலகை தொங்குகிறது. பலகையில் இருப்பது கணவன் பெயர். முபின் ஊர் ஊராகப் போய், போர்வெல்லில் கருகிப்போன மோட்டாரை மேலே தூக்கி, கடைக்குக் கொண்டுவந்து போடுவான். அதைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்து, புதுக்கம்பி சுற்றி மறுபடி ஓட வைப்பது அவன் மனைவி ஜீனத். சுற்றுவட்டாரத்து விவசாயிகளுக்கு அவள் 'மோட்டார்க்கார அம்மா'. நாற்பதை இன்னும் தொடவில்லை. அதற்குள் ஆயிரத்துக்கு மேல் மோட்டார்கள் அவள் கையால் உயிர் பெற்றுவிட்டன.

இந்த வேலைக்கு அவள் வந்ததே ஒரு சித்திரை வெயிலில்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், கடையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்த அப்பாசாமி என்பவர் ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்துத் திடீரென்று கிளம்பிவிட்டார். ஒன்பது மோட்டார்கள் கருகிக் கிடந்தன. ஒன்பது விவசாயிகள் வாசலில் நின்றார்கள். முபினுக்கு மோட்டாரைத் தூக்கத் தெரியும், இறக்கத் தெரியும், சுற்றத் தெரியாது.

"நான் சுத்திப் பாக்கட்டுமா?" என்றாள் ஜீனத். நாலு வருஷமாக அப்பாசாமிக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் நின்று பார்த்திருந்தாள்.

"உனக்குப் பழக்கமில்லாத வேலை. ஷாக் கீக் அடிச்சிடப் போவுது."

"கரண்டே இல்லாத மோட்டாரு எப்படிங்க ஷாக் அடிக்கும்?"

முபின் கம்பிச் சுருளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான். முதலில் சுற்றிய மோட்டார் பத்து நிமிஷத்தில் புகைந்தது. இரண்டாவது ஓடியது. அதை இறக்கும்போது தானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனாள். கத்திரிக்காய்த் தோட்டம் ஒன்றில் குழாய் இரண்டு முறை இருமி, காற்றைத் துப்பி, செம்மண் கலந்த தண்ணீரைக் கொட்டியது. தோட்டக்காரர் கூச்சல் எதுவும் போடவில்லை. குழாய்க்கு அடியில் கையை நீட்டியபடி சும்மா நின்றார். ஜீனத் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதைப் பழக்கம் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. மகள் ஆஃப்ஷீன் நர்சிங் படிக்க வேலூர் போன பிறகு கடை ரொம்ப அமைதியாகிவிட்டது. நாள் முழுக்கக் கண்ணும் கையும் மோட்டாரில் இருக்கும், காதுக்குத்தான் வேலையில்லை. லீவுக்கு வந்த ஆஃப்ஷீன் அம்மாவின் போனில் கதை கேட்கிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். அதில் முதலில் கண்ணில் பட்டது 'உப்புமுடி' என்ற தொடர். ஏழு பாகம் எழுதப்போவதாக அறிவித்து, ஆறு பாகம் வந்திருந்தது. முகிலி என்ற இளவரசி, சிறகு முளைத்த யாளிகள், அந்த யாளிகள்மேல் ஏறிப் பறக்கும் ஒரு படை, உப்பால் செய்த ஒரு கிரீடம், அதற்காக மூண்ட போர். கருகிய கம்பியை வெட்டி இழுக்கும்போது ஜீனத் கேட்பாள். புதுக்கம்பி சுற்ற ஆரம்பித்ததும் அணைத்துவிடுவாள். சுற்று எண்ணிக்கை தப்பினால் மோட்டார் போச்சு. முகிலி யாளியிலிருந்து தவறி விழுந்த இடத்தில் ஒரு முறை அணைக்க மனம் வராமல் கேட்டுக்கொண்டே சுற்றி, முழுவதையும் பிரித்து மறுபடி சுற்ற வேண்டியதாயிற்று.

மூன்று பாகங்களை இரண்டே மாதத்தில் முடித்தாள். அப்புறம் நாலாம் பாகம் வந்தது. 'வறண்ட கோட்டை'.

மூன்றாம் பாகம் முடியும்போது முகிலி கோட்டைச் சுவரில் நிற்கிறாள். வெளியே எதிரித் தளபதி துடியனின் படை. யாளிகள் சிறகை விரிக்கின்றன. ஊதுகொம்பு முழங்குகிறது. நாலாம் பாகத்தின் முதல் வரியில் கோட்டைக் கிணறு வற்றிப்போகிறது. வெளியே ஆறும் வற்றிப்போகிறது. மூன்றே நாளில் இரண்டு படைக்கும் நாக்கு வறண்டு, வாளைத் தூக்கத் தெம்பில்லாமல், இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்து ஒரு கிணறு வெட்டத் தொடங்குகிறார்கள். ஆற்று மணலில் கசிகிற தண்ணீரை ஆளுக்கு ஒரு கை குடித்துக்கொண்டு அறுபத்தொரு நாள். சாத்தி என்ற கிணறு வெட்டும் கிழவி சொல்கிறபடி இளவரசியும் தளபதியும் மண் சுமக்கிறார்கள். யாளிகள் தாகத்தில் சுருண்டு தூங்குகின்றன. இருபத்தொரு மணி நேரக் கதையில் ஒரு வாள்கூட உறையை விட்டு வெளியே வரவில்லை.

ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். 'ஏமாற்றிவிட்டார்', 'தூக்க மாத்திரை', 'ஐந்தாம் பாகத்துக்குத் தாவிவிடுங்கள்' என்று ஆப்பில் வரிசையாக ஒற்றை ஸ்டார்கள்.

ஜீனத் அந்தப் பாகத்தைக் கேட்டு முடித்த அன்று கையில் இருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் வாழ்க்கையில் எதற்கும் கருத்து எழுதியவள் இல்லை. ஆனால் அந்த ஒற்றை ஸ்டார்களைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. போனை வாயருகே பிடித்துப் பேசப் பேச, போன் அதை எழுத்தாக்கியது. 'செம்புக்கம்பி' என்று ஒரு பெயரும் வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பாகத்துல சண்டை இல்லைன்னு எல்லாரும் சொல்றீங்க. இருக்கு. பாறையோட சண்டை. பாறை யாருக்கும் பயப்படாது, ராணின்னு பாக்காது. முதல் மூணு பாகத்துலயும் முகிலி பறந்துகிட்டே இருந்தா. இதுலதான் தரையில கால் வெச்சா. இதுலதான் அவ ராணி ஆனா. அறுபதாவது நாள் ஈரமண்ணு வரும்போது சாத்தி கத்தவே இல்லை, பாத்தீங்களா? குழிக்குள்ள அதைக் கையில வெச்சிக்கிட்டு சும்மா குந்தியிருக்கா. தண்ணி வரும்போது அப்படித்தான் இருக்கும். எழுதினவருக்கு அது எப்படித் தெரிஞ்சுதுன்னு தெரியலை. என்னைக் கேட்டா இதுவரைக்கும் கேட்ட நாலு பாகத்துலயும் இதுதான் ஒசத்தி."

அஞ்சு ஸ்டார். மொத்த ஆப்பிலும் நாலாம் பாகத்துக்கு அஞ்சு ஸ்டார் போட்ட ஒரே ஆள் அவள்தான்.

மறுநாள் காலையிலேயே பதில் வந்திருந்தது. 'யாளிமுகம்' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள். "செம்புக்கம்பி அவர்களே, கிணறு நல்ல கிணறுதான். ஆனால் நான் காசு கொடுத்து வாங்கியது யாளிக்கதை. இந்தப் பாகம் முழுவதிலும் ஒரு யாளி கண் விழித்திருந்தால் சொல்லுங்கள், நானும் ஒரு ஸ்டார் கூட்டுகிறேன்."

ஜீனத் பதில் போட்டாள். யாளிமுகம் பதிலுக்குப் பதில் போட்டது. ஒரு மாதம் இது நடந்தது. முபின் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கச்சேரி அவன் காதில் விழும்.

"எவனோ காலேஜ் பையன், வேலை வெட்டி இல்லாம வம்பு பண்றான். அவங்கூட மல்லுக்கு நிக்கறியே!"

"வம்பு பண்றவன் இவ்ளோ கரெக்டா அத்தியாய நம்பர் சொல்ல மாட்டான். படிச்சிருக்கான். புத்திதான் கம்மி."

ஆடி மாதப் பௌர்ணமி அன்று காலை எட்டு மணிக்கு ஒரு குட்டியானை வண்டி கடை வாசலில் வந்து நின்றது. கருகிய மோட்டாருடன் இறங்கியவர் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு அம்மாள். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் துணிப்பை. பெயர் தர்மதேவி என்றார். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், ஜைனக் குடும்பம். அவரும் கணவர் ஆதிநாதனும் சேர்ந்து நிலக்கடலை விவசாயம் பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர் மல்லாட்டை.

"இன்னைக்கே சுத்திக் குடும்மா. மல்லாட்டை பூ வெச்சிருக்கு. இந்த நேரத்துல தண்ணி காட்டலைன்னா காய் பிடிக்காது."

"இன்னைக்கு பௌர்ணமியாச்சேம்மா. கிரிவலக் கூட்டத்துக்காக மத்தியானத்துக்கு மேல வண்டிய டவுனுக்குள்ள வுட மாட்டாங்க."

"அதான் வண்டிய இப்பவே திருப்பி அனுப்பிட்டேன். சாயந்தரம் பைபாஸ்ல வந்து நிக்கும். அதுவரைக்கும் நான் இங்கயே குந்திக்கறேன். நீ உன் வேலையைப் பாரு."

ஜீனத் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை ஃபேனுக்கு நேராகப் போட்டுக் கொடுத்தாள். மோட்டாரைப் பிரித்தாள். கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்துக்கொண்டு, வழக்கம்போலப் போனைத் தட்டி அலமாரியில் வைத்தாள். நாலாம் பாகத்தை மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது. "நாற்பத்தோராம் நாள், பாறை பிளக்கவில்லை..." என்று கணீரென்று ஒரு குரல் கடையை நிறைத்தது.

"அய்யய்ய! அந்தக் கிணறா?" என்றார் தர்மதேவி.

ஜீனத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு இந்தக் கதை தெரியுமாம்மா?"

"தெரியுமாவா? ஆறு புத்தகமும் தபால்ல வரவழைச்சு வெச்சிருக்கேன். ஸ்டார் போடறதுக்குன்னே அந்த ஆப்பையும் போன்ல போட்டிருக்கேன். இதை மட்டும் ரெண்டு வாட்டி படிச்சேன். எங்கயாவது ஒரு சண்டையை கவனிக்காம வுட்டுட்டேனோன்னு தேடறதுக்கு ரெண்டாவது வாட்டி." தர்மதேவி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இதுக்கும் ஒருத்தி அஞ்சு ஸ்டார் குடுத்து வெச்சிருக்கா. செம்புக்கம்பியாம், பேரப் பாரு. பாறையோட சண்டையாம். எங்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டா."

ஜீனத்தின் கையில் கட்டிங் பிளேயர் அப்படியே நின்றது.

"நீங்க... யாளிமுகமா?"

தர்மதேவி அவளைப் பார்த்தார். அவள் மடியில், காலடியில், சுவரோரம் என்று கடை முழுக்கக் குவிந்து கிடந்த செம்புக்கம்பியைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலியே ஆடியது. ஜீனத்தும் சிரித்தாள். உள்ளே இருந்து ஓடி வந்த முபினுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னங்க, இவங்கதான் உங்க காலேஜ் பையன்!"

சிரிப்பு அடங்கியதும் சண்டை தொடங்கியது.

"நீங்க ஜைனரு. எங்க ஊருல உங்காளுங்க எறும்பைக்கூட மிதிக்க மாட்டாங்க. உங்களுக்கு எதுக்கும்மா இவ்ளோ வெட்டு குத்து?"

"அதனாலதான்டி! வீட்டுல எறும்புக்கு வழி வுட்டு நடக்கறேன். புத்தகத்துலயாவது நாலு தலை உருளட்டுமேன்னு உக்கார்ந்தா, மண்ணு சுமக்கறாங்க. மண்ணுதான் நான் தினம் சுமக்கறேனே." அதைச் சொல்லிவிட்டு அவர் விரலை நீட்டினார். "சரி, யாளியை வுடு. இதுக்குப் பதில் சொல்லு. துடியனோட தம்பியை முகிலி ரெண்டாம் பாகத்துல கொன்னா. இல்லையா? அவ கையால மொண்டு குடுத்த தண்ணியை இவன் நாலாம் பாகத்துல குடிக்கறான். தம்பி செத்ததைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க வேணாம்? ஒரே வார்த்தை! எதிரி எப்படி இவ்ளோ சுளுவா சிநேகிதன் ஆவான்? எழுத்தாளரு மறந்துட்டாரு. அதான் விஷயம்."

கருகிய கம்பியின் கடைசித் துண்டை ஜீனத் உருவிப் போட்டாள். ஒரு மாதச் சண்டையில் இதை யாளிமுகம் கேட்டதே இல்லை. நேரில் சந்தித்தால் கேட்கலாம் என்று பத்திரப்படுத்தி வைத்ததுபோல் இருந்தது.

"நான் இப்ப புதுக்கம்பி சுத்தணும். எண்ணணும். பேசாதீங்க," என்றாள்.

"பதில் தெரியலைன்னு சொல்லு."

"எண்ணிட்டு சொல்றேன்."

போனையும் அணைத்துவிட்டாள். அடுத்த மூன்று மணி நேரம் கடையில் ஃபேன் சத்தம் மட்டும்தான். ஜீனத் உதடு அசைய எண்ணிக்கொண்டே கம்பியை ஒவ்வொன்றாகத் துளைக்குள் கோத்து இழுத்தாள். தர்மதேவி எதையோ சொல்ல வாயைத் திறப்பார், எண்ணிக்கை நினைவு வந்து மூடிக்கொள்வார். இடையில் துணிப்பையிலிருந்து டப்பாவை எடுத்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டார். பாதியை மூடியில் வைத்து ஜீனத்தின் பக்கம் தள்ளினார். முபின் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு அமைதியாக ஒரு சண்டையைப் பார்த்ததில்லை என்று பக்கத்துக் கடையில் போய்ச் சொன்னான்.

கடைசிச் சுற்று முடிந்து கம்பியை முடிச்சுப் போட்டதும் ஜீனத் நிமிர்ந்தாள்.

"கேட்டான்."

"இன்னா கேட்டான்?"

"துடியன் கேட்டான்னு சொல்றேன். நாப்பத்தோராவது நாள். சாத்திக்கு முட்டி வீங்கிப்போய் உள்ள இறங்க முடியலை. யாரு இறங்கறதுன்னு நிக்கறாங்க. துடியன் இறங்கறான். இடுப்புக் கயித்தை யாரு பிடிச்சா?"

தர்மதேவி யோசித்தார். "முகிலி."

"அவனோட ஆளுங்க முந்நூறு பேரு சுத்தி நிக்கறாங்க. அவங்கள்ல ஒருத்தன் கையில குடுக்கலாம். தம்பியைக் கொன்னவ கையில குடுத்துட்டு, எழுவது அடி ஆழத்துல முழு பாரத்தையும் அந்தக் கயித்துமேல போட்டான். நீ வுடுவியா, பிடிப்பியான்னு கேக்கறாம்மா. அவ ரெண்டு உள்ளங்கையும் கிழிஞ்சும் வுடலை. அதான் அவ சொன்ன பதில். இதுக்கு மேல வாயைத் திறந்து ரெண்டு பேரும் என்னத்தைப் பேசறது?"

தர்மதேவி நாற்காலி நுனிக்கு வந்தார்.

"இது புத்தகத்துல இருக்கா, நீயா சொல்றியா?"

"கயிறு புத்தகத்துல இருக்கு. மீதி நானா சொல்றேன்."

"ம்," என்றார் தர்மதேவி. அப்புறம் இன்னொரு முறை, "ம்."

மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டிக் காட்டினாள் ஜீனத். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. தர்மதேவி அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அவர் யோசனை எழுபது அடிக் குழிக்குள் இருந்தது. மோட்டாரை முபின் பைக்கில் கட்டி, சந்து சந்தாக நுழைந்து பைபாஸில் நின்ற வண்டிக்குக் கொண்டுபோனான். பொழுது சாய்ந்தால் ஜைனர்கள் சாப்பிட மாட்டார்கள், அதற்குள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று பின்னாலேயே வேகமாக நடந்த தர்மதேவி, சந்து முனையில் நின்று திரும்பிக் கத்தினார்.

"ஆனா யாளி தூங்கினது தப்புதான்!"

அதன் பிறகு அந்த அம்மாள் மோட்டார் கெடாமலே கடைக்கு வரத் தொடங்கினார். செவ்வாய்க்கிழமை டவுனுக்கு வேலையாக வந்தால் இரண்டு மணி நேரம் கடையில்தான். ஜீனத் கருகிய கம்பி உருவும் நேரமாகப் பார்த்து வருவார், அப்போதுதான் பேசலாம். ஒரு ஞாயிறு ஜீனத்தையும் முபினையும் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்டார். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவுமில்லாத சாம்பார் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று முபின் எதிர்பார்க்கவில்லை. மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டான். பெண்கள் இருவரும் ஆறாம் பாகத்தில் உப்புக் கிரீடம் கரைந்தது சரியா தப்பா என்று கூடத்தில் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருக்க, ஆதிநாதன் முபினைத் தனியே அழைத்துப்போய், "இந்தத் துடியன்ங்கிறவன் உங்க சொந்தக்காரனா?" என்று கவலையோடு விசாரித்தார்.

ஏழாம் பாகம் ஜனவரியில், சென்னைப் புத்தகக் காட்சியில் வெளியாகப் போகிறது என்று செய்தி வந்தது. ஒலிப்பதிவாக வர மேலும் இரண்டு மாதம் ஆகும் என்றார்கள்.

"ரெண்டு மாசம் நீ கேக்காம இருப்பே. நான் படிச்சிட்டு சொல்லாம இருக்க முடியாது. பேசாம என்கூட வந்துடு," என்றார் தர்மதேவி.

விடிகாலைப் பஸ்ஸில் கிளம்பினார்கள். கிளாம்பாக்கத்தில் இறங்கி வேறு பஸ் மாறி நந்தனம் போய்ச் சேரும்போது கதவு திறக்கும் நேரம். ஜீனத் இத்தனை புத்தகங்களை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. பதிப்பக அரங்கில் உப்புமுடி ஏழு பாகங்களும் சுவர்போல் அடுக்கியிருந்தன. காதால் மட்டுமே கேட்ட கதை இவ்வளவு தடிமனானதா என்று நாலாம் பாகத்தைக் கையில் எடுத்துக் கனம் பார்த்தாள். எழுத்தாளர் முந்தின நாளே வந்துபோய்விட்டாராம். இருவருக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்போது பக்கத்தில் ஒரு இளம் தம்பதி. கணவன் புத்தகங்களை எடுத்து எடுத்து மனைவியின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலு வேணாம். அது வெறும் கிணறு, ஒண்ணுமே நடக்காது. நேரா அஞ்சுக்குப் போயிடலாம்."

ஜீனத் வாயைத் திறந்தாள். ஆனால் அதற்குள் வேறொரு குரல் முந்திக்கொண்டது.

"தம்பி, இன்னா சொன்னீங்க?" தர்மதேவி அவனுக்கு நேராகப் போய் நின்றிருந்தார். "ஒண்ணுமே நடக்காதா? துடியன் இடுப்புக் கயித்தை யார் கையில குடுத்தான்னு கவனிச்சீங்களா? தன் தம்பியைக் கொன்னவ கையில குடுக்கறான். எழுவது அடி! அவ நெனச்சா வுட்டுடலாம். வுட்டாளா? உள்ளங்கை ரெண்டும் கிழிஞ்சு போச்சு. அதைப் படிக்காம அஞ்சாம் பாகத்துக்குப் போனா, துடியன் அவளுக்காகத் தன் கோட்டைக் கதவைத் திறக்கறது எப்படிப் புரியும் உங்களுக்கு?"

அந்த ஆள் திகைத்து நின்றான். அரங்கில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பில் போடுகிறவர் எழுந்து நின்று கேட்டார். தர்மதேவி சாத்தியின் முட்டி வீங்கியதிலிருந்து ஈரமண் வரைக்கும் விடாமல் சொல்லி முடித்தார். அந்தப் பெண் கணவனைத் தாண்டிக் கையை நீட்டி நாலாம் பாகத்தை எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவரும் எடுத்தார்.

ஜீனத் புத்தக அடுக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் முட்டும் வரை சிரித்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்.

"அம்மா, அது அத்தனையும் நான் சொன்னதாச்சே?"

"நீ சொன்னே. சத்தமா சொன்னது யாரு?"

"அப்ப உங்க ஒத்தை ஸ்டாரை மாத்திடுவீங்களா?"

"அது எதுக்கு மாத்தணும்? அந்தப் புத்தகத்தைத் திட்ட எனக்கு உரிமை இருக்கு, ரெண்டு வாட்டி படிச்சவ. அதுக்காக இன்னொருத்தரைப் படிக்கவே வேணாம்னு எவனாவது சொன்னா வுட்டுடுவேனா?"

கிளாம்பாக்கத்தில் வெளிச்சம் இருக்கும்போதே தர்மதேவி கொண்டுவந்த சாப்பாட்டை இருவரும் சாப்பிட்டார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ஏழாம் பாகத்தைப் பிரித்தார். ஜீனத்துக்காக வாய்விட்டே படித்தார். முதல் அத்தியாயத்திலேயே யாளிகள் கண் விழித்துவிட்டன. அவர் குரல் ஏற ஏற, முன்சீட்டுக்காரர் காதிலிருந்த ஒயரைக் கழற்றிவிட்டுக் கேட்கத் தொடங்கினார். செங்கல்பட்டைத் தாண்டும்போது எழுத்து தெரியாத அளவுக்கு இருட்டிவிட்டது. யாளிப்படை அந்தரத்தில் நின்றது.

ஜீனத் போனை எடுத்து முபினைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, நாளைக்கு நான் கடையைத் தொறக்க மாட்டேன்."

"ஏன், உடம்புக்கு ஏதாவது முடியலையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. இன்னும் அறுநூத்தி நாப்பது பக்கம் இருக்கு."